பூண்டு விலையும் ஒரு பிளக் பாயிண்டும்

போன வாரம் ஒருநாள் காலையிலேயே திண்டுக்கல் கம்ப்யூட்டர் கடைக்காரரிடமிருந்து போன். "அக்கா, சாமானெல்லாம் இன்னிக்கே எடுத்துருங்க. ராம் வெல தெனம் ஏறிக்கிட்டே கெடக்கு. நாளைக்குச் சொன்னீங்கன்னா நான் பொறுப்பில்ல." ராம் என்றால் என்னவென்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் 'இன்னிக்கே' என்ற சொல்லை நன்றாகத் தெரியும். அது காதில் விழுந்தாலே எனக்குப் பூண்டு வாசம் அடிக்கத் தொடங்கிவிடும்.

சிரிக்காதீர்கள். நான் பூம்பாறையில் மலைப்பூண்டு போடுகிற வீட்டில் பிறந்தவள். அறுவடை முடிந்ததும் பூண்டைக் கத்தை கத்தையாகக் கட்டி அடுப்புக்கு மேலே விட்டத்தில் தொங்கவிடுவோம். விறகுப் புகை படியப் படிய அது கெடாமல் இருக்கும். அதன் அடியில்தான் சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம். கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார டவுன் பிள்ளைகள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

வியாபாரி வந்து வாசலில் நிற்பார். "இன்னிக்கே குடுத்துருங்க, நாளைக்கு வெல விழுந்துரும்." அப்பா முதலில் விட்டத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு வியாபாரியின் செருப்பைப் பார்ப்பார். முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். வியாபாரி போனதும், "அவசரப்படுத்துறவனுக்கு ஏதோ சோலி இருக்கு. நாம பொறுப்போம்" என்பார். பல வருஷம் அப்பா நினைத்ததுதான் நடந்தது. அதனால்தான் இந்தச் சந்தேக நோய் எனக்கும் இவ்வளவு நன்றாகத் தொற்றிக்கொண்டது.

கயல் என் மகள். கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு, கட்டப்போகிற வீடுகளின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று படம் செய்து கொடுக்கிறாள், இங்கே பூம்பாறையில் எங்கள் அதே பழைய வீட்டில் இருந்தபடியே. படம் பெரிதானால் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். தூசி கருகிய வாசம் வேறு வரும். தை பிறப்பதற்குள் நல்ல மெஷின் வைத்துக்கொள், முடியாவிட்டால் கோயம்புத்தூருக்கே வந்து உட்கார்ந்து வேலை பார் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். போனாலும் வாராவாரம் வந்துவிடுவேன் என்கிறாள். நான் நம்பவில்லை.

புதிதாக ஒன்றை இப்போதே அசெம்பிள் செய்வதா, விலை இறங்கட்டும் என்று பொறுப்பதா? ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன். கடைக்காரரை விடுங்கள், விலை ஏன் ஏறுகிறது என்று யூடியூபில் விளக்கியவரையும் சந்தேகப்பட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய விற்பனைச் சாமான் இருந்தது. கயலையும் விடவில்லை. மெஷினுக்குள்ளே கலர் விளக்கு எரிகிற காற்றாடி எதற்கு என்று கேட்டேன். "அது ஃப்ரீயா வரும்மா" என்றாள். ஃப்ரீ என்றதும் எனக்கு இன்னும் கலக்கம்.

கடைசியில், "பங்குனி வரைக்கும் பொறுப்போம்டி. எப்படியும் எறங்கும். அதுவரைக்கும் கோயம்புத்தூர் போயிட்டு வா" என்றேன். சண்டை போடுவாள் என்று பார்த்தேன்.

"சரிம்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் 'சரி'யை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

என் அண்ணன் கம்ப்யூட்டர் படித்து முடித்து வந்து, வீட்டிலேயே ஒன்றை வைத்துக் கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு நோட்டீஸ் எல்லாம் செய்து தருகிறேன் என்றான். அப்பாவுக்குச் சம்மதம்தான். "ஏலே, விட்டத்துல கெடக்கறது வெல ஏறட்டும். வெரசா வாங்கிருவோம்." பேச்சு மாறமாட்டேன் என்று காட்டுவதற்காகக் கரண்ட் வேலைக்காரரைக் கூட்டிவந்து, முன்னறைச் சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட்டும் வைத்தார். வியாபாரிகள் வந்தார்கள். அப்பா செருப்புகளைப் பார்த்தார். அவர்கள் போனார்கள். "இன்னும் ஒரு மாசம் பொறுலே" என்றார்.

"சரிப்பா" என்றான் அண்ணன். இரண்டொரு நாளில் வெள்ளனே முதல் பஸ் ஏறித் திருப்பூர் போய்விட்டான். பூண்டு விலை பிறகு ஏறத்தான் செய்தது. அப்பா சொன்னது பலித்துவிட்டது, ஆனால் அதைக் கேட்க அண்ணன் வீட்டில் இல்லை. இப்போதும் திருவிழாவுக்கு வருகிறான். விருந்தாளி மாதிரி என் சமையலைப் புகழ்ந்துவிட்டுக் கிளம்புகிறான். அது எனக்குத் தாங்கவே முடியாது.

கயல் 'சரிம்மா' சொன்ன அன்று சாயங்காலமே கடைக்குப் போன் போட்டேன். "தம்பி, இன்னிக்கே எடுத்து வைங்க."

"அக்கா, இவ்வளவு நாள் பொறுத்துட்டீங்க, இன்னும் ஒரு வாரம் பொறுங்களேன். நல்ல கேபினட் ஒண்ணு வருது."

விற்கிறவர் ஒருவர் வாயிலிருந்து 'பொறுங்க' என்று வந்து நான் கேட்டதே இல்லை. இதில் என்ன சூது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. "இருக்கற பெட்டியிலயே மாட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று மெஷின் வந்து இறங்கிவிட்டது. அண்ணனுக்காக வைத்த பிளக் பாயிண்ட்டில் வெள்ளையடிக்கும்போதெல்லாம் சுண்ணாம்பு பட்டு, துளைகள் அடைந்துபோயிருந்தன. கரண்ட் வேலைக்காரர் அதைக் கழற்றி வேறு மாட்டினார். கேஸ் அடுப்பு வந்த பிறகு வீட்டில் புகை இல்லை. பூண்டை விளைந்த காட்டிலேயே எடைபோட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அப்பாவும் இல்லை. விட்டத்தில் அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை.

கயல் மேசையைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டாள். "இந்த பிளக் பாயிண்ட் கரெக்டா கம்ப்யூட்டருக்குன்னே வச்ச மாதிரி இருக்கேம்மா. யாருக்கு வச்சது?"

"உங்க மாமாவுக்கு."

"அப்புறம் ஏன் மாமா வாங்கல?"

"வெல ஏறட்டும்னு இருந்தோம்" என்றேன்.