பேச்சைக் கேட்காத ஆக்ஸிலேட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், பெருங்களத்தூரைத் தாண்டி இரும்புலியூர் போகும் வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் சில்லிட்டுப் போகிறது.

எனக்கு வேன் ஓட்டுவது தொழில். ஊரப்பாக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். பல வருடம் உழைத்த பழைய டீசல் வேன் இனி முடியாது என்று படுத்துவிட்டதால், அதைவிடக் கொஞ்சம் புதிதான இன்னொன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதில் எல்லாமே பிடித்திருந்தது, ஆக்ஸிலேட்டரைத் தவிர.

பழைய வண்டியில் ஆக்ஸிலேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு கேபிள் இருக்கும். கால் கட்டைவிரலை அசைத்தால் போதும், என்ஜின் உறுமும். இதில் கேபிளே கிடையாது. "நீ மிதிக்கிறது ஒயர் வழியா கம்ப்யூட்டருக்குப் போவும்ணா. அது பாத்துதான் டீசலை வுடும்" என்றார், வழக்கமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக். எனக்கு எரிச்சலாக வந்தது. என் காலுக்கும் என் வண்டிக்கும் நடுவே பஞ்சாயத்துப் பண்ண எதற்கு ஒரு ஆள்?

மிதித்தால் உடனே போகாது. ஒரு கணம் யோசிக்கும், அப்புறம் வெடுக்கென்று கிளம்பும். உள்ளே இருப்பவர்கள் ஒரு குலுங்கு குலுங்குவார்கள். லேத் பட்டறையில் வண்டிச் சாமான் கடையும் அக்கா ஒருவர் எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாண்ணா, ஒவ்வொரு தபாவும் வண்டி பர்மிஷன் கேட்டுகினுதான் போவுமா?" என்பார். பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பும். எனக்கு மானம் போகும். அந்தக் கோபத்தில் இன்னும் அழுத்துவேன். போகப்போக, தரையோடு தரையாக மிதிப்பதே பழக்கமாகிவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட மாட்டேன். சோறு போடும் வண்டியைச் செருப்புக் காலால் மிதிக்க மனசு வராது. வெறும் காலுக்குத் தரை சுடுமே என்று, வீட்டு வாசலில் போடும் தேங்காய் நார் மேட் ஒன்றைக் காலடியில் போட்டிருப்பேன். பழைய வண்டியில் ஆக்ஸிலேட்டர் தரையிலிருந்தே நிமிர்ந்திருக்கும், மேட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வண்டியில் அது மேலிருந்து தொங்குகிறது. அந்த வித்தியாசம் என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அன்றைக்கு மழையால் ஏற்கெனவே லேட். முன்னால் ஆமை மாதிரி போன லாரியைத் தாண்ட, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தேன். தாண்டியாயிற்று, காலையும் எடுத்தாயிற்று. வண்டி மட்டும் வேகம் குறையவில்லை. இன்னும் ஏறுகிறது. காலடியில் முன்னால் நகர்ந்திருந்த நார் மேட்டின் முரட்டு விளிம்பு ஆக்ஸிலேட்டரை அப்படியே கவ்விப் பிடித்துவிட்டது.

எதிரே ஒருவர், ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். நம் ஊரில்தான் கையை நீட்டினால் வண்டி நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டே, அந்த நம்பிக்கையில் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே நடக்கிறார்.

பழைய வண்டியில் ஒருமுறை கேபிள் சிக்கி, பிரேக் பிடிக்கப் பிடிக்க என்ஜின் இழுத்துக்கொண்டு போனதை அனுபவித்தவன் நான். அன்றைக்கு ரோடு காலியாக இருந்ததால் பிழைத்தேன். இன்றைக்கு ஈர ரோடு, வண்டி நிறையப் பெண்கள், எதிரே குழந்தை. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். சீட்டிலிருந்து எழுந்தே பிரேக்கை மிதித்தேன்.

மிதித்த மறுகணம் என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. யாரோ உள்ளே உட்கார்ந்து "போதும்" என்று சொன்னது போல இருந்தது. கிளட்ச் ஞாபகமே அதற்கப்புறம்தான் வந்தது. வண்டி வழுக்கி, திமிறி, அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவருக்கு எதுவும் தெரியாது. நீட்டிய கையை இறக்காமல், குழந்தையைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு அவர்பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டார்.

குனிந்து பார்த்தேன். ஆக்ஸிலேட்டர் இன்னும் தரையோடு அமுங்கித்தான் கிடந்தது. என்ஜினோ ஒன்றுமே நடக்காதது போல மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்காவும் எட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் குரல் தழுதழுக்கக் கேட்டேன். "அமுங்கிதான் கீது. அப்பால எப்டிண்ணா நின்னுச்சு?"

"தெரியலம்மா" என்றேன். மேட்டை உருவி வெளியே எறிந்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டினேன்.

ரோட்டோரத்திலிருந்தே மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "ரெண்டையும் ஒண்ணா மிதிச்சா அது பிரேக் பேச்சத்தாண்ணா கேக்கும். அப்டிதான் செஞ்சி வச்சிருக்காங்க" என்றார் சர்வசாதாரணமாக. எனக்கு அது சாதாரணமாக இல்லை. திருமுடிவாக்கம் போனதும் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். உறுமல் அடங்கியது. மறுபடி செய்தேன், மறுபடியும் அடங்கியது. ஷிஃப்டுக்கு லேட்டானதையும் மறந்து பெண்கள் எல்லோரும் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க கடையற சாமான் எந்த வண்டிக்குப் போவுதுன்னு எங்களுக்கே தெரியாதுண்ணா" என்றார் அக்கா. "இதையும் அப்டி யாரோ எங்கியோ குந்திகினு யோசிச்சிருக்காங்க பாரு."

அதற்குப் பிறகு அந்த ஒரு கணத் தாமதம் எனக்கு எரிச்சல் தரவில்லை, காலும் தானாகவே பதமாக மிதிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. என் முகத்தைப் பார்த்திராத யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, என் கால் செய்யப்போகும் தப்பை எனக்கு முன்பே நினைத்துப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு குழந்தை ரோட்டைத் தாண்ட வழி செய்து வைத்திருக்கிறாரே என்று நினைக்கும்போது, சாமி சந்நிதியில்கூட நான் இப்படி வியந்து நின்றதில்லை.