இரண்டு வீட்டு மானமும் என் உடம்பும்

பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போனேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள் காதலித்துக் கடைக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததை மாமியார் மன்னிக்கவில்லை. அம்மாவும் அவர் வாசலை மிதிக்கவில்லை. ஆனாலும் மருமகள் மெலிந்திருந்தால் தமக்குத்தான் அவமானம் என்று மாமியார் நெய்யும் சோறுமாகப் போட்டுத் தள்ளினார். தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மா என் கன்னத்தைத் தடவிப் பூரித்துப்போவார். நான் குண்டாக இருந்தால் நன்றாக வாழ்கிறேன் என்று அர்த்தம்.

போன வருஷம் எனக்கு இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். அந்தச் சீனிதான் முதலில் அப்பாவின் காலை எடுத்தது, பிறகு அப்பாவையே எடுத்தது. பயம் பிடித்துக்கொண்டது. சோற்றைப் பாதியாக்கினேன், இனிப்பை விட்டேன், காலையில் நடந்தேன். உடம்பு இறங்கியது.

உடனே தொடங்கியது கூத்து. "என்னாடி, அந்த வீட்டுல சோறு போடுறாங்களா இல்லையா?" என்று அம்மா போனில் அழுதார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பவில்லை, மாமியார் கொடுமையை மறைக்கிறேனாம். மருமகள் ஏன் மெலிந்துவிட்டாள் என்று பஜாரிலும் யாரோ கேட்டுவிட, "எங்க மானத்த வாங்குறியேம்மா" என்று மாமியார் பொருமினார். அத்தனை வருஷம் முகம் கொடுத்துப் பேசாத இருவரும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள், எனக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று. சமாதானம் வந்துவிட்டதென்று என் புருஷனுக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மாமியார் முதல்முறையாக எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா வாழையிலை போட்டார். ஒரு பக்கம் அம்மா சோற்றோடு, மறுபக்கம் மாமியார் பாயாசத்தோடு. இலையின் மேல் கையை விரித்து மறித்தேன்.

"ஒரே ஒரு கரண்டிம்மா, எங்களுக்காக" என்றார் மாமியார்.

"ஆசையா குடுக்கிறத வேணாங்காதடி" என்றார் அம்மா.

"அப்பாவுக்கும் ஆசையாத்தான் குடுத்தீங்க" என்றேன் அம்மாவிடம். "கால எடுத்த பொறகும் லயமே சேந்து பாயாசம் குடுத்துச்சு. ஒருத்தராச்சும் வேணாமுன்னு சொன்னீங்களா?"

அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். "பெத்தவள இப்படியா பேசுறது?" என்று மாமியாரும் பின்னாலேயே போனார். உள்ளே இருவரும் சேர்ந்து அழுவது கேட்டது.

திருவிழா நாளில் பெற்றவளை அழவைத்தவள் என்று லயத்தில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். அன்றைக்கு நான் கையை எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன்.