கேட்க வந்ததை முதல் வரியில் எழுதப் பழகிய கதை

பரீட்சைக்குப் படித்த அந்தப் பாஸ்ட் பேப்பர் கட்டைத் திறந்தாலே இறால் கருவாட்டு வாசம் வரும்... எங்கள் வீட்டில் மழைக்கு ஒழுகாத மூலை ஒன்றுதான் இருந்தது. கருவாட்டுப் பெட்டியும் அங்கே, என் பதினோராம் வகுப்பு ஓ.எல் இங்கிலிஷும் அங்கே.

வாகரையில் நானும் அப்பாவும் மட்டும் இருந்த வீடு. அம்மாவைக் கடல் கொண்டுபோன பிறகு அப்பா கடல் பக்கம் போகவில்லை. ஊர் ஓரத்து உப்புநீர்க் களப்பில் இறால் பிடித்துத்தான் என்னை வளர்த்தார்.

வெளியூர் நண்பர்களுக்கு எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் தோணி இரவல் கேட்க வருகிறார் என்று வையுங்கள். வந்து உட்காருவார். சாப்பாடு ஆச்சா என்பார். மழை, காற்று, யார் வீட்டுக் கலியாணம் எல்லாம் கதைப்பார். தேத்தண்ணி குடிப்பார். எழும்பிப் போய் வாசல் படலையில் கை வைத்த பிறகு, பாதி திரும்பி, "அதுசரி... நாளைக்குத் தோணி சும்மாதானே கிடக்கும்?" என்பார்.

அவர் எதற்கு வந்தார் என்பது வந்தபோதே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னால் அது மரியாதை இல்லை.

இந்த லட்சணத்தில்தான் எங்களுக்கு இங்கிலிஷில் ஒருவரை இணங்கவைக்கும் கட்டுரை எழுதச் சொன்னார்கள்.

சனிக்கிழமையும் லைப்ரரியைத் திறக்கும்படி பிரின்சிபல் சேரைக் கேட்டு எழுத வேண்டும். நான் சேரின் சுகத்தை விசாரித்தேன். இந்த வருஷ மழையைப் பற்றி ஒரு பந்தி. ஸ்கூல் மதிலுக்குப் பெயின்ட் அடித்தது வடிவாக இருக்கிறது என்று இன்னொரு பந்தி. கடைசி வரியில், பை த வே சேர், லைப்ரரி சனிக்கிழமையும் திறந்தால் நல்லது... அவ்வளவுதான். நான் மட்டும் இல்லை, வகுப்பே அப்படித்தான் எழுதியிருந்தது.

இங்கிலிஷ் மிஸ் ஏறாவூரில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். கொப்பிகளைத் திருத்திவிட்டுக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"மகள், பேப்பர் திருத்துற ஆள் ஒங்களோட படலை வரைக்கும் வந்து நிக்க மாட்டாரு. கேக்க வந்தத முதல்ல கேளுங்க."

பிறகு போர்டில் பெட்டி பெட்டியாகக் கீறிக் காட்டினார். முதல் பெட்டியில் என்ன வேண்டும். அடுத்தது ஏன் வேண்டும், மூன்று காரணம். அதற்குக் கீழே, மற்ற ஆள் என்ன சொல்லி மறுப்பார், அதற்கு நம்முடைய பதில் என்ன. கடைசியில் திரும்பவும் என்ன வேண்டும்.

எனக்கு அந்தப் பெட்டிகள் பிடித்துப்போயின. ஏனென்றால் எனக்கும் கேட்க ஒன்று இருந்தது... ஓ.எல் முடிந்ததும் ஏ.எல் பயோ படிக்க ஆசை. எங்கள் ஸ்கூலில் அது இல்லை. டவுனுக்குப் போக வேண்டும், அங்கே நாவற்குடாவில் சின்னம்மா வீட்டில் தங்க வேண்டும். அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. நான்தான் இன்னும் கேட்கவே இல்லை.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்பாவுக்கும் பெட்டி கீறினேன். மறுப்புப் பெட்டியில் செலவு, வயசுக்கு வந்த குமர்ப்பிள்ளை, ஊர் வாய் என்று நிரப்பி, எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்தேன்.

ஒரு பின்னேரம் அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நேரே போய் நின்று சொன்னேன்.

"அப்பா, நான் ஏ.எல் டவுன்ல படிக்கப் போகணும்."

அவர் கையில் இருந்த வலை ஊசி கீழே விழுந்தது.

"என்ன மகள்... ஆருக்கு என்ன நடந்த?"

எங்கள் ஊரில் செத்தவீட்டுச் சேதியைத்தான் அப்படி நேரே சொல்வார்கள். பாவம், மனுஷன் பயந்துபோனார். ஒன்றும் இல்லை என்று ஆற்றி, மூன்று காரணத்தையும் பாடமாக்கியபடியே ஒப்புவித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். செலவு என்று சொல்லவில்லை. ஊர் வாய் என்றும் சொல்லவில்லை.

"பொழுதுபட்டா நான் ஆரோட புள்ள கதைக்கிற?" என்றார்.

அதற்கு என் பெட்டியில் பதில் இருக்கவில்லை. அப்பா ஊசியைத் தேடி எடுத்து வலையைப் பொத்தத் தொடங்கினார். நான் அடுப்படியில் போய் அழுதேன்.

அடுத்த நாள் காலையில் அவர் களப்பில் இருந்து வந்தார். வலையில் இறால் படவில்லை என்றார். காற்று மாறிவிட்டது என்றார். சின்னம்மாவின் மகனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி, படலையில் கை வைத்து, பாதி திரும்பினார்.

"அதுசரி... சின்னம்மா வீட்ட கட்டில் இரிக்கா, நாம கொண்டு போகணுமா?"

அதுதான் அப்பாவின் சம்மதம்.

இங்கிலிஷ் பேப்பரும் நல்லபடி போனது. நான் டவுனுக்கு வந்தேன், படித்தேன், இங்கேயே வேலை, கலியாணம், பிள்ளைகள். இப்போது நாள் முழுக்க ஈமெயிலும் மெசேஜும்தான். எல்லோரும் முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். சுகம் விசாரிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

போன மாதம் வாகரைக்குப் போனேன். அப்பாவுக்கு இப்போது கண் மங்கல், முழங்காலிலும் நோவு. எங்களோடு வந்து இருங்கள் என்று நேரேயே சொன்னேன். காரணங்களும் சொன்னேன். டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார், தனி அறை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். மறுப்புகளுக்கும் பதில் வைத்திருந்தேன். இந்தமுறை ஒரு பெட்டியும் காலி இல்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு அப்பா என் கையைப் பிடித்தார். மழையைப் பற்றிக் கதைக்கவில்லை. காற்றைப் பற்றியும் கதைக்கவில்லை.

"என்னை இஞ்சயே விடு மகள். அண்டைக்கு நீ கேட்டாய், நான் ஓம் எண்டன். இண்டைக்கு நான் கேக்கிறன்."

எனக்குத் தெரிய அப்பா ஒருவரிடமும் இப்படி நேரே கேட்டதில்லை...

ஓம் என்றேன்.