பேர் சொல்லாத ஜெபம்

எங்கள் சபையில் யாருடைய பேரையும் சொல்லி ஜெபிக்கமாட்டார்கள். அது மரியாதை. பேரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள்.

சனிக்கிழமை உபவாச ஜெபம் பெண்களுக்கானது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பாயில் உட்கார்ந்திருப்போம். பாஸ்டருடைய மனைவி மைக்கைப் பிடிப்பார். பாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பீக்கர் பெட்டியை ஏரியைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள், இரட்சிக்கப்படாத ஆத்துமாக்கள் அந்தப் பக்கம்தான் அதிகம் என்று. படகுத்துறையில் வலை பிரிக்கிறவர்களும் இறால் வாங்க வந்த வியாபாரிகளும் ஒரு வார்த்தை விடாமல் கேட்கலாம்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் அனுப்பம்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவர். பெண் பார்க்க வந்த அன்று பதற்றத்தில் டீக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இதைச் சொல்வதில் இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை.

சின்ன வயதில் எனக்கு வலிப்பு வரும். மாத்திரையில் நின்று, ஆறு வருடம் ஆகியிருந்தது. நிச்சயத்துக்கு முன்னால் நானே அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. கல்யாண நேரத்தில் மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து, பாஸ்டரம்மாவின் காதில் போட்டுவைத்தாள். “ஜெபத்துல மட்டும் வெச்சுக்கங்கம்மா” என்றாள்.

ஜெபத்தில்தான் வைத்தார்.

“ஆண்டவரே, பேர் வேணாம், உமக்குத் தெரியும். படகுத்துறை பக்கத்துல நீலக் கதவு வெச்ச வீட்டு மகள். வலிப்பு நோயால கஷ்டப்படுற பிள்ளை. அனுப்பம்பட்டு சம்பந்தம் எந்தத் தடையும் இல்லாம முடியணும் அப்பா.”

எல்லாரும் ஆமென் என்றார்கள். பழக்கத்தில் நானும் சொன்னேன். எங்கள் ஊரில் நீலக் கதவு ஒன்றுதான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் ஆராதனை முடிவதற்குள் செய்தி அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கிவிட்டது. அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நானே கூப்பிட்டேன். மாப்பிள்ளையின் அக்கா எடுத்து, “நோயை மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்களே” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

“ஆண்டவருக்கு இன்னா காது செவுடா? மைக்கு இன்னாத்துக்கு?” என்றார் நைனா, என் அப்பா. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனாள். பாஸ்டரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. “நான் ஜெபம்தானேம்மா பண்ணேன்?” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை, அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை. அம்மா கடைசியில் அவருக்கே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே அறை. அதற்குக் கதவு அந்த நீலக் கதவு. சாத்திவிட்டு முழங்காலில் நின்று பார்த்தேன். வாயைத் திறந்தால் வசவுதான் வந்தது. சபைக்குப் போவதை மட்டும் விடவில்லை. விட்டால் அதற்கும் ஒரு ஜெபம் பண்ணுவார்கள்.

ஏழு வருடம் போனது. வேறு சம்பந்தம் வரவில்லை. கம்பெனி வேலைக்குப் போகும் வேனில் பாஸ்டரம்மாவின் மகள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். நல்ல பெண். எளாவூரில் டீக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. கோயிலுக்குப் போகிற குடும்பம். வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவித்தாள். நான் யாரைப் பற்றியும் வாய் திறக்காதவள் என்று பேர் வாங்கியிருந்தேன்.

“உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்க்கா. எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

அந்தச் சனிக்கிழமை பாஸ்டரம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக்கை என்னிடம் நீட்டினார். என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துதான் எழுந்தேன். தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“ஆண்டவரே, பேர் வேணாம், உமக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தேன். “சபைக்குப் பின்னாலயே இருக்கிற வீட்டு மகள். ஊழியக்காரக் குடும்பம். எளாவூர் டீக்கடை வீட்டுப் பையன்மேல வெச்ச ஆசையிலேர்ந்து அந்தப் பிள்ளையைக் காப்பாத்தும்.”

பாஸ்டரம்மா கண்ணை மூடியிருந்தார். கட்டிய தொண்டையோடு எல்லாருக்கும் முந்தி ஆமென் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

திங்கட்கிழமை வேனில் அவள் இல்லை. வேலையை நிறுத்தி, போனைப் பிடுங்கி, அந்த மாதத்துக்குள் ஆந்திரா பக்கம் ஓர் ஊழியக்காரருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். கணக்குத் தீர்ந்தது என்று சந்தோஷமாக இருக்கும் என நினைத்திருந்தேன். ஒரு நாள்கூட இல்லை.

ஊரைவிட்டுப் போகிற அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கதவின் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“ஜெபம் பண்ணத்தானேக்கா சொன்னேன்?”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

“நான் ஜெபம்தானேம்மா பண்ணேன்?” என்றேன்.