காளான் பண்டிதரின் புழுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் காளான் பண்டிதர் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். மனுஷன் அதையும் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். நிஜப் பட்டம்தான் வந்தபாடில்லை. கல்யாணத்துக்கு முன் தொடங்கிய ஆராய்ச்சி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் இழுத்துக்கொண்டே கிடந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது மனைவி தைத்துப்போட்ட துணிகளால்.

ஆனால் பேச்சுக்கு என்ன குறைச்சல்? சோற்றுத் தட்டின் முன்னாலும் அதே பாட்டுதான்.

"காளானால ஓட முடியாது, கடிக்க முடியாது. அதுக்காகச் சும்மா விட்டுடுமா? உள்ளுக்குள்ள ஒரு புரதம் வச்சிருக்கு. லெக்டின்னு பேரு. தின்ன வர்ற புழுவோட குடல்ல இருக்கிற சர்க்கரையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். அப்புறம் புழு அவ்வளவுதான்!"

"அந்தப் புழு எப்பச் சாகுறது, நான் எப்ப உங்களை டாக்டர்னு கூப்பிடுறது?" என்பாள் மனைவி.

அதற்கும் நாள் குறித்தாயிற்று. திங்கட்கிழமை தன் கண்ணெதிரே புழுக்கள் செத்துக் கிடக்க வேண்டும், இல்லையென்றால் ஆராய்ச்சியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பண்டிதர் காளானை அரைத்து, சர்க்கரை பூசிய மணிகள் நிரப்பிய குழாயில் சாற்றை விட்டார். புரதம் மணிகளில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரைக் கரைசலை ஊற்றியதும் மணிகளை விட்டுவிட்டுச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. இனி அதைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் சர்க்கரை வெளியேறிவிடும், புரதம் மட்டும் பையில் தங்கும். கூட வேலை பார்க்கும் பெண் கேட்கவும் செய்தாள்.

"அண்ணா, பையில போட்டு ஊற வச்சுட்டீங்களா?"

"யாருகிட்ட கேக்குற? நீ ஸ்கூல்ல பல்பம் தின்னுக்கிட்டு இருந்தப்பவே லெக்டின் எடுத்தவன் நான்!"

பாவம், அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இவர் பீற்றிக்கொண்ட ஜோரில் ஊறப்போடவே மறந்து, அப்படியே புழுக்களுக்கு ஊட்டிவிட்டார்.

திங்கட்கிழமை பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்தார். புழுக்களாவது சாவதாவது! தின்று கொழுத்து ஜம்மென்று நெளிந்துகொண்டிருந்தன. பண்டிதரின் கண் மேஜை ஓரத்துக்குப் போனது. சவ்வுப் பை நனையாமலே கிடந்தது. ஏற்கெனவே சர்க்கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரதம் புழுவின் குடலை எங்கே பிடிக்கப்போகிறது?

பேராசிரியர் நல்ல மனுஷர். "நடுவுல ஏதாவது விட்டுப்போச்சா? சொல்லுங்க, இன்னொரு வாரம் எடுத்துக்கலாம்" என்றார்.

மறந்துட்டேன் சார் என்றால் தீர்ந்தது. ஆனால் அந்தப் பெண் பக்கத்திலேயே நிற்கிறாளே! அவள் முன்னால் எப்படி வாய் வரும்?

"நானாவது, விடுறதாவது! இந்தக் காளான்ல சரக்கே இல்ல சார்."

"அண்ணா..." என்று அவள் வாயெடுத்தாள். அவர் முறைத்த முறைப்பில் அடங்கிப்போனாள்.

"நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப இதோட விட்டுடலாம்" என்றார் பேராசிரியர்.

பண்டிதர் நிமிர்ந்த தலை குனியாமல் போய், மிச்சமிருந்த புரதத்தையெல்லாம் கழுவும் தொட்டியில் கொட்டித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான், வீட்டில் இருப்பவளிடம் என்ன சொல்வது என்ற நினைப்பே அவருக்கு வந்தது.