தனபாலன் ஏற்றுக்கொண்ட தவறு

செவ்வாய்க்கிழமை காலை பசியாற ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்பிகா அக்காவின் அழைப்பு வந்தது. பத்து காஜா ஊர்ப் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இன்னும் நிற்கும் மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் செயலாளர். கணினி மக்கர் பண்ணினால்தான் என்னைக் கூப்பிடுவார். அந்த நினைப்பில், "என்னக்கா, மறுபடியும் பிரிண்டரா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லம்மா வாணி. தனபாலு போயிட்டான். விடியக்காலையில, ஆஸ்பத்திரியிலயே."

நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

பலகணியில் எங்களோடு வேலை செய்த நண்பர்களே, உங்களில் பலருக்குத் தனபாலனை எழுத்தில்தான் தெரியும். ஒரு நிரலை ஒரே முறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதன் சன்னலும் பொத்தானும் ஒழுங்காக வர வேண்டும் என்று, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, நானும் அவரும் ஈப்போவில் தொடங்கியதுதான் பலகணி. அவர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுதுபார்த்தவர். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேனே தவிர, ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. அவருடைய பெயரை வைத்து ஒரு பொய், ஒரு பதிப்போடு நாம் வெளியிட்ட குறிப்பில் இருக்கிறது. அதை எழுதியவள் நான். அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலி.

எங்கள் பெரிய சண்டை இரண்டு பொத்தான்களைப் பற்றியது. கணினி ஒரு கேள்வி கேட்கும்போது, விண்டோஸில் 'சரி' இடப்பக்கமும் 'வேண்டாம்' வலப்பக்கமும் இருக்கும். மேக்கில் அப்படியே தலைகீழ். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி வைத்துவிட்டால் நிரல் பாதியாகக் குறையும், பார்க்கவும் அழகு என்பது என் கட்சி. நான் மேக் பயன்படுத்துபவள், ஆகவே மேக் முறையே சரி என்றும் தோன்றியது. அவர் மசியவில்லை. "பொத்தான் நம்ம வீட்டுச் சாமான் இல்லலா. அமுக்குறவங்க வீட்டுச் சாமான். அவங்க கை பழகுன எடத்துல இருக்கட்டும்" என்றார். இதைப் பற்றி மாதக்கணக்கில் எழுதிச் சண்டை போட்டோம். உங்களில் சிலர் நடுவில் புகுந்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கும்.

ஒவ்வொரு புதுப் பதிப்பின் வெளியீட்டுக்கு முன்பும் அவர் தன் பழைய காரின் பின்இருக்கையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று மடிக்கணினிகளைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். கோயில், தெரிந்தவர் ஒருவரின் அச்சுக்கடை, இப்படிப் போய்ப் பலகணியில் செய்த செயலிகளை அங்கிருப்பவர்களிடம் கொடுத்து உட்கார்ந்திருப்பார். எங்கள் இரண்டு பேர் கையாலும் மூன்றிலும் ஓட்டிப் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது. ஒருமுறை கோயிலுக்கு நானும் போனேன். "நீ ஸ்கிரீனப் பாக்காத, அக்கா கையப் பாரு. வாயத் தொறந்த, நடந்துதான் வீட்டுக்குப் போவ" என்று முன்கூட்டியே மிரட்டி வைத்தார்.

அம்பிகா அக்கா விண்டோஸில் கோயிலின் குடும்பப் பட்டியலை அச்சிடுவதற்குப் பதில் பக்கத்திலிருந்த 'அழி' மேல் தட்டிவிட்டார். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கணினி கேட்டது. அதைப் படிக்காமலே வலப்பக்கம் தட்டி மூடினார்.

"படிக்கலியாக்கா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"எதுக்குப் படிக்கணும்? வேணாம்னா இந்தப் பக்கந்தானே லா."

'பார்த்தியா' என்பதுபோல் தனபாலன் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு அவருடைய சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த வாரம் வெளியீடு. இனி யார் தடுக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பொத்தான்களை என் விருப்பப்படி மேக் முறையில் எங்கும் ஒரே வரிசையாக மாற்றினேன். மூன்று கணினிகளும் அவர் காரில் கிடந்தன. போய் எடுத்துவரச் சோம்பல். என் மேக்கில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, குறிப்பின் கடைசி வரியில் வழக்கம்போல 'சோதித்தவர்கள்: தனபாலன், வாணி' என்று போட்டு வெளியிட்டேன்.

வெளியான நான்காம் நாள், கோயில் கணினியில் அம்பிகா அக்காவின் விரல் வழக்கம்போல 'அழி' மேல் பட்டது. வழக்கம்போல வலப்பக்கம் தட்டினார். அங்கே இப்போது 'சரி' இருந்தது. தோட்டம் மூடியபின் எந்தக் குடும்பம் எங்கே போனது என்று அவர் ஊர் ஊராகக் கேட்டுச் சேர்த்த பட்டியல் அது. அதை வைத்துத்தான் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு எல்லாரையும் கூப்பிடுவார்கள். மொத்தமும் போய்விட்டது.

நான் மருத்துவமனைக்கு ஓடினேன். அம்பிகா அக்கா எனக்கு முன்பே வந்து கட்டில் அருகில் உட்கார்ந்திருந்தார். மடியில் பல வருடத்துக்கு முன் அச்சடித்த பழைய பட்டியல். அவர் படிக்க, ஒரு கையில் ஊசியோடு தனபாலன் மறுகையால் அதைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்.

"வா வாணி, பசியாறிட்டியா? ஒக்காரு" என்றார் தனபாலன்.

"எப்படிடா இப்படி ஆச்சு?" என்று அக்கா அவரைத்தான் கேட்டார்.

"நான் சரியாப் பாக்கலக்கா. எம்மேலதான் தப்பு."

நான் வாயைத் திறக்கவில்லை. பழைய பட்டியலுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களில் சில பெயர்கள் அக்காவுக்கு நினைவு வரவே இல்லை. அந்த இடங்களை வெறுமையாக விட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். அன்றே தனபாலன் உங்கள் எல்லாருக்கும் எழுதினார், சோதனையில் தன் கவனக்குறைவு என்று. பொத்தான்களைப் பழைய இடத்துக்கே மாற்றினார். எதையாவது அழிக்கக் கேட்டால் எண்டர் விசையைத் தட்டுவதைக் கணினி 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியையும் சேர்த்தார்.

அக்கா வெளியே போனதும், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எம்பேருதானே அந்த வரியில இருந்துச்சு. நீ எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு."

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். வாரம் ஒருமுறையாவது பேசினோம். நாளைக்கு, அடுத்த வெளியீட்டுக்கு, அவர் உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அவர் ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது இதை எழுதியிருக்கலாம். எழுதாமல் போனேனே என்று அழுகை வருகிறது.

கருமாதி முடிந்ததும் அம்பிகா அக்காவைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்லா. அவன் அந்த வாரம் பூரா படுத்த படுக்கையா கெடந்தானே, எங்க போயி சோதிப்பான்? நீயாச் சொல்லுவேன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தான், பாவம்."

தனபாலனுடைய மூன்று மடிக்கணினிகள் இப்போது என் காரின் பின்இருக்கையில் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். வாயை மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பார்ப்பேன். தனபாலனிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது அதுதான்.

இன்று காலை அந்தப் பழைய குறிப்பைத் திறந்தேன். குறிப்புகளைத் திருத்த நாம் பயன்படுத்தும் செயலியும் பலகணியில் செய்ததுதான். கடைசி வரியில் அவர் பெயரைத் தேர்ந்து 'நீக்கு' கொடுத்தேன். 'தனபாலன்: நீக்கவா?' என்று கேட்டது. பழக்கத்தில் எண்டரைத் தட்டினேன். பெயர் அப்படியே இருந்தது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் இருந்தது. அவர் விதி என்னை விடவில்லை. கேள்வியை முழுக்கப் படித்து, 'சரி' என்ற பொத்தானைத் தேடி அழுத்தினேன்.

சோதித்தவர்கள் என்ற வரியில் இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது.