பின்பக்கத்து இரண்டடி

ஒரு கோடு சற்றே சாய்ந்திருந்தால், அது தவறிப்போய்த்தான் சாய்ந்திருக்கும் என்று ஏன் எல்லோரும் முடிவு செய்கிறார்கள்? பிரான்ஸுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. என் ஒன்பது மாத மகள் யாழினியின் இடது கன்னத்தில் கண்ணேறு படாமலிருக்க மைப்பொட்டு வைத்து, கிரெஷ் எனப்படும் குழந்தைக் காப்பகத்தில் விடுகிறேன். மாலையில் கன்னம் பளிச்சென்று இருக்கிறது. "அழுக்கு இருந்தது, துடைத்துவிட்டேன்" என்று அங்குள்ள பெண் கனிவோடு சொல்கிறார். நான் "மெர்சி" என்று நன்றி சொல்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டாத தாய் என்று நினைத்துவிட்டாரோ என்று வீடு வரும்வரை கவலைப்படுகிறேன். மறுநாள் மறுபடியும் பொட்டு வைக்கிறேன்.

இதே கனிவு என் கணினிக்கும் உண்டு. சிவில் டிப்ளமா முடித்தவள் என்பதால், ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபட வேலை கிடைத்தது. அங்குள்ள மென்பொருளில் ஒரு கோட்டை இன்னொரு கோட்டுக்கு ஏறக்குறைய இணையாக இழுத்தால் போதும். அது தானாகவே இரண்டையும் இணையாக்கிப் பூட்டி, ஓரத்தில் ஒரு சின்னக் குறி போட்டுவிடும். ஏறக்குறைய செங்கோணம் என்றால் செங்கோணமாக்கிப் பூட்டும். பிறகு ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும்.

திருமலைராயன்பட்டினத்தில் அண்ணன் கட்டப்போகும் வீட்டுக்குப் பிளான் போட்டபோதுதான் இது வினையானது. அப்பா அலைந்து திரிந்து வாங்கிய மனை அது. முன்பக்கம் இருபத்தெட்டடி, பின்பக்கம் முப்பதடி. முன்புறம் ஒடுங்கிப் பின்புறம் அகன்ற இந்த அமைப்பைப் பசுமுகம் என்பார்கள், குடியிருக்க நல்லது. பின்கோடியில் எனக்கென்று ஓர் அறை. "நீ புள்ளையோட வந்தா தங்க ஒரு ரூம் வேணாமா?" என்று அண்ணன்தான் சேர்க்கச் சொன்னான். நான் பின்பக்கத்துக்கு முப்பது என்று தட்டியதும் திரையில் பிரெஞ்சில் ஓர் எச்சரிக்கை வந்தது. யாழினி அழுதுகொண்டிருந்தாள். சரி என்று அழுத்திவிட்டு அவளைத் தூக்கப் போனேன். பக்கக் கோடுகளை இணையாகப் பூட்டியிருந்த மென்பொருள், நான் தட்டிய முப்பதை ஏற்காமல் அதை இருபத்தெட்டாகவே வைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

கார்த்திகையிலேயே முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். மார்கழியில் வேலை தொடங்கக் கூடாது என்பதால், தை முதல் முகூர்த்தத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதாக ஏற்பாடு. இடையில் அண்ணன் பெருமையாக ஒரு புகைப்படம் அனுப்பினான். எல்லைக்கல் கயிற்றுக்கு வெளியே நின்றது. உடனே அழைத்தேன்.

"அண்ணே, கல்லு ஏன் வெளியில கெடக்கு?"

"அதான் மேஸ்திரியும் கேட்டாரு. பின்னாடி ரெண்டடி குறையுதே தம்பின்னு டேப்ப எடுத்துக்கிட்டு வந்து நின்னாரு. நான்தான், கல்லு நகந்திருக்கும், பிரான்ஸ்ல போட்ட பிளான் அங்குலம் பிசகாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அவரு சொன்னதுதாண்ணே சரி. பிளான்தான் தப்பு."

அண்ணன் போனை அருகில் நின்ற மேஸ்திரியிடம் கொடுத்தான். பிறகு மேஸ்திரியின் குரல் கேட்டது. "பாப்பா, மூலைக்கு மூலை நான் கயித்தால புடிச்சு எழுதி வச்சிருக்கேன். வேணுமா?"

"வேணுங்க மேஸ்திரி" என்றேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் திருத்த உட்கார்ந்தேன். இணைக் குறியை அழித்தேன்; கோட்டைத் தொட்டதும் செங்கோணக் குறி முளைத்தது. அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கிப் பூட்டையே நிறுத்தினேன்; இப்போது மூலைகளும் ஒட்டவில்லை, நான்கு சுவர்களும் நான்கு திசையில் கிடந்தன. பக்கத்து மேசை திதியேவிடம் உதவி கேட்டேன். மனையைப் பார்த்ததும் அவர் முகம் கனிந்தது. "கவலைப்படாதே, தொடக்கத்தில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று சொல்லி, இரண்டே சொடுக்கில் அதை அப்பழுக்கற்ற செவ்வகமாக்கிவிட்டுப் போனார். நான் மெர்சி சொன்னேன்.

கடைசியில் மூலைகள் ஒட்டுவதை மட்டும் அனுமதித்து, மனையை வேண்டுமென்றே பட்டம் போல மிகக் கோணலாக வரைந்தேன். எதற்கு எது இணை என்று மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. பிறகு நான்கு பக்க அளவுகளையும் மேஸ்திரியின் மூலைவிட்ட அளவையும் தட்டினேன். பசுமுகம் அப்படியே வந்து உட்கார்ந்தது.

சந்தோஷமாக அண்ணனை அழைத்தேன். அவன் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு சங்கதி இருக்குடி. பக்கத்து வீட்டு மரியம் லாத்தாகிட்ட, கயித்துக்கு வெளியில இருக்குற அந்த ரெண்டடி உங்களுதுதான் போலிருக்குன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டேன். அவங்க முருங்கக் கொம்பு நட்டுட்டாங்க. தழைஞ்சும் போச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தோண்டுற அன்னிக்கு அடி வச்சு அளக்காம இருக்கமாட்டாரு. நீயே முடிவு பண்ணு, உன் ரூம்தான் குறையுது."

பின்னாலிருந்து, அக்கா முறையில் நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் அவர் குரல் எட்டிப் பார்த்தது. "யாரு, பிரான்ஸ் புள்ளையா? மொத காய் உனக்குத்தாம்மா!"

மனை அப்பாவுடையது, பத்திரமும் அப்படித்தான் சொல்லும். ஆனால் சொல் அண்ணனுடையது, பிழை என்னுடையது. லாத்தா ஒன்றும் திருடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்று வாரம் வரப்போகிறவள், தழைத்த கொம்பைப் பிடுங்கச் சொல்லலாமா? சொல்லாவிட்டால் அப்பாவின் பசுமுகம் என்னால் போயிற்று என்று ஆகாதா?

இரண்டு கோப்புகளும் இப்போது என் திரையில் அருகருகே திறந்திருக்கின்றன. ஒன்றில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் யாழினியின் தொட்டிலுக்கு இடமிருக்கிறது. மற்றதில் கட்டில் மட்டும்; ஜன்னலுக்கு வெளியே முருங்கை. தை பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள். ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல வெளியில் இருப்பவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்: இவற்றில் எதை நான் மேஸ்திரிக்கு அனுப்ப வேண்டும்?